சரோஜாக்கா வீட்டில் எடுத்த சாவுக் காட்சி

ஆர்ட் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கலர் கலக்குவதையோ புதுச் சுவரைப் பழைய சுவர் ஆக்குவதையோ நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதை வேலையே சொல்லிக் கொடுத்துவிடும். பாதி செட்டைக் கம்ப்யூட்டரிலேயே போட்டு முடிக்கிறவர்கள் நீங்கள். அந்த விஷயத்தில் நான்தான் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் ரெடியாகி, எல்லோரும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இதில் ஏதோ சரியில்லை என்று உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரியும். அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓடிப்போய் ஓட்டலில் டேபிள் துடைத்தேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன், மும்பையில் சினிமா பேனர் எழுதினேன், கடைசியில் சென்னையில் செட் வேலையில் ஒட்டிக்கொண்டேன். ஒரே ஊரில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் என்னால் இருக்க முடிந்ததில்லை. இந்தத் தொழில் அப்படிப்பட்டவனுக்கும் சோறு போட்டது, படுக்க இடம் கொடுத்தது. ராஜாவின் கட்டிலில் தூங்கியிருக்கிறேன், ஜெயில் தரையிலும் தூங்கியிருக்கிறேன். ஜெயில்தான் வசதி. ராஜாவின் கட்டில் தெர்மகோல், புரண்டு படுத்தால் உடைந்துவிடும்.

என்னை முதலில் வேலைக்கு வைத்துக்கொண்ட ஆர்ட் டைரக்டர் பெரிய கோபக்காரர். நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆனால் எந்த வீட்டுக்குள் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார், அது நேற்று நாங்களே பிளைவுட்டில் அடித்த வீடாக இருந்தாலும். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்டேன். "நாளைக்கு இதுல ஒரு குடும்பம் வாழப் போவுதுல்லடா" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. அந்த ஒரு பதிலுக்காக அவர் திட்டியதையெல்லாம் மறந்துவிட்டேன்.

நான் கடைசியாகச் செய்த படங்களில் ஒன்று, கோலார் தங்கவயலில் வாழ்ந்த ஓர் ஓவியரின் கதை. பெயரை மாற்றித் தேவராஜ் என்று வைத்துக்கொள்கிறேன். சுரங்கத்தில் மரத்தூண் முட்டுக் கொடுக்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் கோணிச் சாக்கிலும் பெட்டிப் பலகையிலும் படம் போடுவார். ஆள், மரம், மாடு எதுவும் இருக்காது. கறுப்பு, அதன் மேல் இன்னொரு கறுப்பு, நடுவில் எங்கேயோ ஒரு கீற்று வெள்ளை. மனசு அடிக்கடி பேதலித்துவிடும் மனிதர். வாரக்கணக்கில் பேசமாட்டார். குடிப்பார். போட்ட படத்தைத் தானே கிழிப்பார். பெங்களூரில் ஆஸ்பத்திரியில் வைத்தும் பார்த்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் படத்தை யாரும் சுவரில் மாட்டவில்லை. செத்த பிறகு பெங்களூரிலும் டெல்லியிலும் மாட்டினார்கள். அப்புறம்தான் சினிமாவும் வந்தது.

டைரக்டர் சென்னைப் பெண், சின்ன வயசு. செட் வேண்டாம், தேவராஜ் வாழ்ந்த லைன் வீட்டிலேயே எடுக்கலாம் என்று தீர்மானமாக இருந்தார். சுரங்கத் தொழிலாளிகளுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, நடுவில் கதவுக்குப் பதில் ஒரு துணித்திரை. அந்த வீட்டில் அவர் மனைவி சரோஜாக்கா தனியாக இருந்தார். படத்தின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பக்கத்துத் தமிழ்தானே பேசுவ? அந்தம்மாவை நீ பார்த்துக்க" என்றார். அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன்.

முதல் நாளே சரோஜாக்கா என்னை எடை போட்டுவிட்டார்.

"இன்னா பா, நீதான் அவர் படத்த காப்பி அடிக்கப் போறவனா?"

"ஆமாங்க்கா."

"அடி, அடி. சீக்கிரம் வந்துடும். சாராயம் குடிச்சிட்டு அடிச்சினா இன்னும் சீக்கிரம் வரும்."

படத்தில் காட்டுவதற்காக தேவராஜின் ஓவியங்களை நாங்கள் நகல் எடுக்க வேண்டியிருந்தது. பேனரில் ஒரு நடிகையின் மூக்கு கோணிவிட்டால் தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். கறுப்பின் மேல் கறுப்பு சரியாக வந்திருக்கிறதா என்று யாரைக் கேட்பது? நான் போட்டதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. எனக்கு அப்பவும் இது இன்னான்னு புரியல, இப்பவும் புரியல. அந்த ஆளு இருந்தா உன்ன உக்கார வெச்சு டீ குடுப்பாரு. எனக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல."

அவர் தேவராஜைப் பற்றிப் பேசுவதெல்லாம் இப்படித்தான் இருக்கும். பாதி திட்டு, பாதி கேலி. சுரங்கம் மூடிய பிறகு அவர்தான் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் கார்மெண்ட்ஸில் தைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். தங்கவயலில் பாதி வீடு அப்படித்தான் ஓடுகிறது. அதைப் பெருமையாகவும் சொல்லமாட்டார், குறையாகவும் சொல்லமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

சாவுக் காட்சியைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். தேவராஜ் அந்த முன்னறையில்தான் ஒரு பிற்பகலில் தனியாக இறந்துபோனார். சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி மூச்சு நின்றுவிட்டது. டைரக்டர் அதை ஒரே ஷாட்டில், வெட்டாமல் எடுக்க நினைத்தார். படம் போடுகிறார், தூரிகையைக் கீழே வைக்கிறார், படுக்கிறார், மூச்சு அடங்குகிறது. லைவ் சவுண்ட். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் பதிவாகிவிடும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சுவரில் விழும் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தேவராஜாக நடித்த ஹீரோ அன்று சாயங்காலமே வேறு படத்துக்கு ஹைதராபாத் கிளம்புகிறார். இன்னொரு நாள் கிடையாது.

சாவுக் காட்சி எடுக்கும்போது வீட்டு ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம். நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல வழக்கம்தான். யாராவது மயங்கி விழுவார்கள், அழுவார்கள், நடிக்கிறவருக்கும் கை கால் ஓடாது. அதனால் மேனேஜர் காலையிலேயே என்னிடம், "கோலார்ல ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போடணும்னு சொல்லி அந்தம்மாவைக் கார்ல கூட்டிட்டுப் போயிடு. சாயங்காலம் கூட்டிட்டு வந்தா போதும். இன்னிக்கு இந்த சீன்னு மூச்சு விடாதே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் டிரைவரோடு கிளம்பிவிட்டோம்.

சரோஜாக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பங்காருபேட்டை தாண்டும் இடத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கார் நின்றது. பெங்களூர் ரயில் ஒன்று வந்தது. அவர் கடைசிப் பெட்டி போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?"

"எதைக்கா?"

"தம்பி, நான் கார்மெண்ட்ஸ்ல லைன் சூப்பர்வைசரு கிட்ட வேல செஞ்சவ. பொய் சொல்றவன் மூஞ்ச பின்னாடியிருந்தே கண்டுபுடிப்பேன். அவர் சாவறத இன்னிக்குத்தானே எடுக்கறீங்க?"

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். டிரைவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார், நான் சொல்லாமலேயே.

"அன்னிக்கும் இப்டித்தான் ரயில் ஏறிப் போயிட்டேன்" என்றார் சரோஜாக்கா. "காலைல கெளம்பறப்போ, இன்னிக்கு ஒரு நாள் லீவு போடேன்னு கேட்டாரு. லீவு போட்டா உங்கப்பனா வந்து சோறு போடுவான்னு சொல்ட்டு வந்துட்டேன். ஃபேக்டரில ஃபோன உள்ள வுட மாட்டாங்க. ராத்திரி ரயில்ல திரும்பி வந்தா, ஸ்டேஷன்ல நாலு பேர் நிக்கிறாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. வூட்டுக்கு வந்தா குளிப்பாட்டி, மால போட்டு, வெளிய பெஞ்சு மேல வெச்சிட்டிருந்தாங்க. உள்ள எப்டி படுத்துனு இருந்தாரு, எந்தப் பக்கம் பாத்துனு இருந்தாரு, எதுவும் எனக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. இன்னிக்கும் அவர் சாவறப்போ நான் வண்டி ஏறிப் போய்க்கினுதான் கீறேன், பாரு."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் ஆறுதல் சொல்லி கோலாருக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் புளி விலை சொல்வதைப் போலச் சொன்னார்.

தம்பிகளே, அந்த இடத்தில் எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை. போன் செய்து மேனேஜரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். கேட்டுவிட்டு மீறுவதைவிடக் கேட்காமல் போவது மேல் என்று தோன்றியது. வேலை போகலாம். எனக்கு வேலை போவது புதிதில்லை. அந்த அம்மாவை இரண்டாம் தடவையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறையில் அந்தக் காட்சிக்கு என்ன அழகு செய்து என்ன பிரயோஜனம்? டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

லைன் வீட்டு முனையில் எங்களைப் பார்த்ததும் மேனேஜர் ஓடி வந்தார். மைக் ஆன் ஆகியிருந்ததால் பாவம், அவரால் கத்தக்கூட முடியவில்லை. வாயை மட்டும் அசைத்து என் பரம்பரையையே திட்டினார். ஹீரோ உள்ளே மேக்கப்போடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு. நான் நேராக டைரக்டரிடம் போனேன்.

"மேடம், அன்னைக்கு இவங்க வீட்ல இல்ல. இன்னைக்காவது இருக்கணும்னு நினைக்கறாங்க."

டைரக்டர் என்னைப் பார்க்கவில்லை, சரோஜாக்காவைப் பார்த்தார்.

"அழுகை வந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"வாயில துணி வெச்சுக்கறேன் கண்ணு."

டைரக்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெயில் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த வயதில் அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு முடிவை எடுப்பது லேசில்லை. பணம் போட்டவரின் ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த ஷாட் போனால் படத்துக்கு முடிவே இல்லை. "பின்வழியா வந்து சமையல்கட்டுல உட்காரட்டும்" என்றார். என்னிடம், "நீங்களும் கூட இருங்க. ஹீரோவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். முடியாது என்று சொல்லியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் ஆக்‌ஷன் என்று சொன்னது கேட்டது. பிறகு தூரிகை பலகையில் உரசும் சத்தம். சொரசொரவென்று. சரோஜாக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சத்தத்தை எத்தனை வருடம் அந்த அடுப்படியிலிருந்தே கேட்டிருப்பார். தூரிகையைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் இருமல். ஹீரோ நன்றாகப் பழகியிருந்தார், நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. சரோஜாக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. தையல் மெஷினில் ஆயுள் முழுக்க உழைத்த கை, எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது.

மூச்சு இழுக்கும் சத்தம் வந்ததும் அவர் எழுந்துவிட்டார்.

பிடித்து உட்கார வைப்பதா, விடுவதா? பிடித்தால் இழுபறியாகி வளையல் சத்தம் வரும். விட்டால் அவர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம், அத்தோடு ஷாட் முடிந்தது. நான் விட்டேன். அவர் கையைப் பார்த்தேன். வளையல்களை எப்போதோ மேலே ஏற்றி முந்தானையால் சுற்றியிருந்தார். திரையின் ஓரத்தை ஒரு விரலால் மட்டும் விலக்கி, அந்த இடுக்கில் கண்ணை வைத்து நின்றார். முதுகு ஆடவில்லை. தகரக் கூரையில் ஒரு காக்கா நடந்தது. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, இன்னொரு தடவை வந்து, பிறகு வரவில்லை. அதற்குப் பிறகும் டைரக்டர் கட் சொல்லவில்லை. வெளியே யாரோ யாரையோ கன்னடத்தில் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. சரோஜாக்கா அப்படியே நின்றார். கடைசியில் கட் என்றார்கள், மெதுவாக.

இனி நடந்தது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். செத்ததாக நடித்தவர், கட் சொன்னதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமராவை நிறுத்தமாட்டார்கள், அந்தச் சிரிப்பும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாவு அவர் மேலேயே தங்கிவிடும் என்று ஒரு பயம். படித்தவர்கள், படிக்காதவர்கள், சாமி கும்பிடாதவர்கள் எல்லோரும் இதை மட்டும் விடமாட்டார்கள். அசோசியேட் டைரக்டர் வழக்கம்போல, "சார், சிரிங்க சார்" என்றார்.

நானும் எழுந்து சரோஜாக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஹீரோ எழுந்து உட்கார்ந்தார், கேமரா பக்கம் திரும்பினார், திரை இடுக்கில் சரோஜாக்கா நிற்பதைப் பார்த்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை நாள் எந்த மனிதராக நடித்தாரோ அவருடைய மனைவி. அவருக்கு முன்னால் எப்படிச் சிரிப்பார்? தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், ப்ளீஸ், கேமரா ஓடுது" என்றார் அசோசியேட். ஹீரோ தலையை ஆட்டி மறுத்தார். லைட்மேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரோஜாக்கா என்னிடம் கேட்டார், "இன்னா ஆச்சு? ஏன் எல்லாம் இப்டி நிக்கறாங்க?"

சொன்னால் அவர் மனசு புண்படுமோ என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் காலையிலிருந்து அந்தப் பெண்மணியிடம் ஒளித்தது எதுவும் நல்லதில் முடியவில்லை. சொல்லிவிட்டேன். செத்தவர் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், நீங்கள் இருப்பதால் அவர் கூச்சப்படுகிறார் என்று.

அவர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஹீரோ பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சரோஜாக்கா எதிரில் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, உங்கம்மா கீறாங்களா?"

"இருக்காங்கம்மா."

"அப்போ சிரிச்சிடு. அவங்க வயித்துல நெருப்ப வெக்காத."

"எனக்கு வரலைம்மா. உங்களைப் பார்த்ததும்…"

"என்னப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வந்திச்சு." அவர் குனிந்து ஹீரோவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் செத்த. ஆனா எங்க ஆளு இவ்ளோ அழகால்லாம் படுத்துக்க மாட்டாரு. வாயத் தொறந்துக்கினு, லுங்கி ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். நீ இன்னாடான்னா ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மாதிரி படுத்துனு கீற. இப்டி ஒரு நாள் படுத்திருந்தா நான் ஏன் லீவு போடாம போறேன்?"

முதலில் சிரித்தது சவுண்ட்காரர். அடக்க முடியாமல் மூக்கால் வந்துவிட்டது. அப்புறம் ஹீரோ. கண்ணில் தண்ணீரோடு, தோள் குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். கேமரா பக்கம் திரும்பச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேமராமேனே கேமராவை அவர் பக்கம் திருப்பியிருந்தார். சரோஜாக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்போதுதான் அழுதார். மைக்கை மூடிவிட்டார்கள்.

அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது, ஒரே டேக். சிரிப்பு இல்லை, அது நமக்காக எடுத்தது. மேனேஜர் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அன்று சாயங்காலம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தபா இப்படி பண்ணின, கொன்னுடுவேன்" என்றார். நான் சொல்லாமலேயே அவரும் அந்தப் பக்கத்துத் தமிழுக்கு வந்துவிட்டிருந்தார்.

நான் செய்ததை எல்லா இடத்திலும் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் மேனேஜர் சொல்வதுதான் சரி. பத்தாவது வீடு எது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த வழியும் தெரியாது. அந்த வீட்டு ஆட்களோடு முன்னாலேயே கொஞ்சம் பேசிப் பழகியிருந்தால் அந்த நேரத்தில் கை தானாகக் கதவைத் திறக்கும் என்பது மட்டும்தான் தெரியும். என்னைப் போல் ஊர் ஊராக அலைந்தவனை அப்படியொரு கதவுப் பக்கம் நிற்கவைத்த இந்தத் தொழிலுக்கு நான் கடன்பட்டவன்.

ஹீரோ கிளம்பிப் போன பிறகு நான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். நாங்கள் கொண்டுவந்ததையெல்லாம் எடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். பலகை, டப்பா, விளக்கு எல்லாம் போயாயிற்று. ஹீரோ படுத்திருந்த பாய் மட்டும் பாக்கி. அதுவும் நாங்கள் வாங்கி வந்ததுதான். நான் எடுப்பதற்கு முன்னாலேயே சரோஜாக்கா அதைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். செத்தவர்கள் படுத்த பாயை வீட்டில் வைக்கமாட்டார்களே, தூக்கிப் போடத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்து, "குடுங்கக்கா, நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்" என்று கை நீட்டினேன்.

"எதுக்கு?" என்றார். "எழுந்துட்டாரு இல்ல."

பாயைக் கொண்டுபோய், தூங்கி எழுந்தவர்களின் பாயை வைப்பது போல, கதவு மூலையில் நிறுத்தி வைத்தார்.